கூகுளில் முதல் ஆள்

ஜூலியானாவுக்கு வயிறு எரிந்தது. கொஞ்சநஞ்சமில்லை, திகுதிகுவென்று எரிந்தது.

கூகுளில் ‘பினாங்கு கிறிஸ்மஸ் கேக்’ என்று தேடினால் முதலில் வந்து நிற்பது அவள் கடை இல்லை, சந்திரிகாவின் கடை. சிம்பாங் அம்பாட்டில் முறுக்கு சுட்டு விற்கிற சந்திரிகா! தீபாவளிக்கு அள்ளியது போதாதென்று இப்போது கேக்கிலும் கை வைத்துவிட்டாள்.

ஜூலியானா ஒன்றும் சும்மா இருக்கவில்லை. ஜெலுத்தோங் வீட்டில் கேக் செய்து இணையத்தில் விற்கிறாள். அவள் கடைப் பக்கங்களின் முகவரியெல்லாம் முதலில் வெறும் கேள்விக்குறியும் நம்பருமாக இருந்தது. சர்ச் இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் கெல்வின்தான் அதை மாற்றி, ‘கிறிஸ்மஸ்-கேக்’, ‘பட்டர்-பிஸ்கட்’ என்று படித்தாலே புரிகிற மாதிரி வைத்துக் கொடுத்தான். இனி கூகுளுக்கும் விளங்கும், ஆளுக்கும் விளங்கும் என்றான்.

சொன்ன மாதிரியே இந்த டிசம்பரில் ஆர்டர் குவிந்தது. குவிந்து என்ன பிரயோசனம்? முதல் இடத்தில் அந்த முறுக்குக்காரி அல்லவா உட்கார்ந்திருக்கிறாள்!

கெல்வினைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“அவ பக்கத்தோட முகவரியப் பாரு தம்பி. ‘பினாங்கு-கிறிஸ்மஸ்-கேக்’காம். என்னையப் பாத்துத்தானே வச்சிருக்கா?”

“உள்ள போய்ப் பாத்தீங்களாக்கா?”

“நான் ஏன் பாக்கணும்? நான் ஒரு தட்டு தட்டுனா அவ இன்னும் மேல போயிடுவா லா.”

கெல்வின் தன் போனை நீட்டினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டிலும் அதே சட்டம்தான். கணவன் பீட்டர்கூட அந்தப் பக்கத்தைத் திறக்கக் கூடாது.

ஆத்திரம் அடங்காமல் சந்திரிகாவுக்கே போன் போட்டாள். முன்பு ஒரே ஃபேக்டரியில் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவர்கள்தான். அந்த முகதாட்சண்யமெல்லாம் இன்று இல்லை. அடுத்தவள் பிழைப்பில் மண்ணைப் போடுகிறாயே, வெட்கமாக இல்லையா என்று பிடிபிடியென்று பிடித்தாள்.

“அக்கா, அது வந்து...” என்று சந்திரிகா இழுத்தாள்.

“ஒண்ணும் சொல்லாத. அந்தப் பக்கத்த எடுத்துடு.”



“சரிக்கா. எடுத்துடறேன்.”

எடுத்தும்விட்டாள். நாலாம் நாள் தேடிப் பார்த்தால் முதலில் வந்து நிற்பது சாட்சாத் ஜூலியானாவின் கடை. பீட்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள், தங்கைக்கு அனுப்பினாள், அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் போன் மட்டும் அடிக்கவில்லை. கிறிஸ்மஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆர்டர் அப்படியே நின்றுபோனது. வாங்கி வைத்த பழமும் வெண்ணெயும் அடுப்படியில் கிடந்தன. வருஷத்துக்கு ஒருமுறை வருகிற பிழைப்பு இது. பதறிப்போய் மறுபடி கெல்வினை வரச் சொன்னாள். முகவரியை மாற்றியதில் ஏதோ கோளாறு செய்துவிட்டாய் என்று அவனையும் ஒரு பிடி பிடித்தாள்.

அவன் பொறுமையாகக் கணினியைத் திறந்து, யார் யார் எங்கிருந்து கடைக்குள் வந்தார்கள் என்று பார்த்தான்.

“முகவரில கோளாறு இல்லக்கா. இதுவரைக்கும் வாங்குனவங்கள்ல கிட்டத்தட்ட எல்லாருமே ஒரே எடத்துலேருந்துதான் வந்திருக்காங்க. சந்திரிகா அக்கா பக்கத்துலேருந்து.”

“அவ பக்கத்துலேருந்து எங்கிட்ட எப்படி வருவாங்க?”

“அன்னிக்கே காட்டலாம்னுதான் அந்தப் பக்கத்தப் படம் புடிச்சு வச்சேன். நீங்க எங்க பாத்தீங்க?”

அவன் நீட்டிய போனை இந்தத் தடவை வாங்கிப் படித்தாள்.

‘முறுக்குக்கு நான். கிறிஸ்மஸ் கேக்குக்கு ஜூலியானா அக்கா. அவங்க கைப்பக்குவம் பினாங்கில் யாருக்கும் வராது. கீழே அவங்க கடை இருக்கு, தட்டுங்க.’