அறுவடை ஞாயிற்றின் ஏலம்

ஓடு பெயர்ந்த இடத்தால் யட்டவத்த ஊரின் வெயில் இறங்கி, வெறும் பெஞ்சுகளின் தூசியை மினுக்குகிறது. மெதடிஸ்ட் கோயிலின் சபையார் எல்லாரும் இங்கே குடியுரிமை கிடைக்காமல் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். தெபோராள் ஒருத்திதான் மிச்சம். அறுவடைப் பண்டிகைக்கென்று கொடியில் காய்த்த முதல் பூசணிக்காயைப் பீடத்தில் வைத்து, தனியாகவே பாடி, ஜெபமும் செய்துவிட்டாள். வழக்கப்படி அடுத்தது, படைத்ததை ஏலம் கூறுவது. கேட்க ஆள் வேண்டுமே. காயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்புகிறாள்.

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம். பக்கத்துத் தோட்டத்து இத்ரூஸ், அவள் 'நானா' என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுபவர். அடைமழையில் அவருடைய மிளகெல்லாம் இங்கேதான், ஓடு மிஞ்சிய மூலையில் காய்ந்தது. தரையில் இன்னும் அந்தக் காரவாசம். "அரைச் சாக்கு மொளகு," என்கிறார். "என்ன நானா?" "ஏலம் கேக்கிறேன் தங்கச்சி. வருசாவருசம் தோட்டத்துல இருந்து காதால கேட்டதுதானே." "ஒத்தப் பூசணிக்காய்க்கா?" "இந்தக் கூரை இல்லாட்டி அம்புட்டும் பூஞ்சணம் புடிச்சிருக்கும். நீங்க கூறுங்க."

தெபோராள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காயை இரு கையாலும் உயர்த்துகிறாள். "ஒரு தரம்." குரல் சுவரில் மோதித் திரும்புகிறது. "ரெண்டு தரம்." மேலே கேட்பவர் உண்டா என்று, போனவர்கள் அவரவர் உட்கார்ந்த பெஞ்சை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். இத்ரூஸும் அவசரப்படாமல் காத்து நிற்கிறார்.