பச்சை ஸ்டிக்கர்

“டிஸ்ப்ளே மாத்தினா இந்த ஸ்டிக்கரும் போயிடுமாண்ணா?”

ஹரீஷ்குமார் நிமிர்ந்து பார்த்தான். ராயக்கோட்டை சாலையில் போன் ரிப்பேர் கடை போட்டு ஆறு வருடங்களாகின்றன. இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை.

மற்றவை அவனுக்கு மனப்பாடம். எவ்வளவு நேரமாகும், போட்டோவெல்லாம் அழிந்துவிடுமா, ஒரிஜினல்தானா, லாக் நம்பரைச் சொல்ல வேண்டுமா. வாடிக்கையாளர் போனை மேஜையில் வைக்கும்போதே பதில்களைச் சொல்லி முடித்துவிடுவான்.

மாதேஸ்வரி அவற்றில் ஒன்றையும் கேட்கவில்லை. போன் அவளுடையதும் இல்லை. கணவன் பரமசிவத்தினுடையது. அவன் அவளுக்குப் பின்னால் நின்று, சுவரில் தொங்கிய பவுச்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் இருவரும் உத்தனப்பள்ளியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள்.

கண்ணாடி மூலைக்கு மூலை விரிசல் விட்டிருந்தது. தொட்டால் எதுவும் நகரவில்லை. கேமராக்களை மூடிப் பச்சை ஸ்டிக்கர்கள், பின்பக்கம் ஒன்று, முன்பக்கம் ஒன்று. இரண்டிலும் சின்னதாக ஒரு சக்கரச் சின்னம்.

உள்ளே யாரும் படம் எடுக்கக் கூடாது என்று கம்பெனி வாசலில் செக்யூரிட்டி ஒட்டுவது. வீட்டுக்குப் போனாலும் அது போனிலேயே இருக்க வேண்டும். உரித்தால் பொடிப்பொடியாகக் கிழியும். மறுநாள் வாசலில் நிறுத்தி விசாரிப்பார்கள்.

“முன்னாடி இருக்கறது கண்ணாடி மேலதானக்கா ஒட்டியிருக்குது. கண்ணாடி போனா அதுவும் போவும். நாளைக்கு கேட்ல சொன்னா புதுசு ஒட்டிக் குடுப்பாங்க. பில்லு தரன், காட்டுங்க.”

“வேணாம்.”

கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொன்ன பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

“அந்த செக்யூரிட்டி ஒரு மாதிரி ஆளுண்ணா,” என்றாள் மாதேஸ்வரி. “காண்ட்ராக்ட் ஆளுங்கன்னா ஒரே ஏச்சு. இவரு வேலைக்கே வேட்டு வெச்சிடுவான்.”

“சூடு காட்டி எடுத்துப் பாக்கறன். கிழிஞ்சா நான் பொறுப்பில்லக்கா.”

“கிழியக் கூடாதுண்ணா. போன் சரியாவலைன்னாகூடப் பரவால்ல.”

போனைச் சரிசெய்ய வந்தவர் இப்படிச் சொல்லி அவன் கேட்டதில்லை. குழப்பத்தோடு பரமசிவத்தைப் பார்த்தான்.

பரமசிவம் அப்போதுதான் ஒரு கேள்வி கேட்டான்.

“ஸ்கிரீன் செத்ததுக்கப்புறம் யாருனா கூப்ட்டிருந்தா, அந்த நம்பரு தெரியுமா?”

“மிஸ்டு கால் எல்லாம் இருக்கும்ணா.”

தலையாட்டிவிட்டு மறுபடி பவுச்சுகளிடம் போய்விட்டான்.

ஹரீஷ்குமார் புளோயரைப் போட்டான். பிளேடைத் தேடித் தட்டுக்குக் கை நீட்டியபோது, காலையில் ரிப்பேருக்கு வந்த இரண்டு போன்கள் கண்ணில் பட்டன. அதே கம்பெனி. அதே சக்கரம்.

இரண்டிலும் ஸ்டிக்கர் மஞ்சள்.

அந்தக் கம்பெனியில் ஒன்றாம் தேதிக்கு ஒன்றாம் தேதி நிறத்தை மாற்றுவார்கள். போன மாதம் நீலம். இன்று தேதி பத்தொன்பது. பச்சை எப்படி இன்னும் இருக்கிறது? செக்யூரிட்டி மறந்துவிட்டானா? இரண்டு மாதமாகவா? வேறு யூனிட் என்றால் வேறு நிறமோ?

“ஏண்ணா, உங்க கம்பெனில இந்த மாசம்...”

“என்னாங்க!” மாதேஸ்வரியின் குரல் குறுக்கே விழுந்தது. “எதிர்ல வண்டியில கொத்தமல்லி நல்லாருக்குது. போய் ரெண்டு கட்டு வாங்கினு வாங்க. வாடினத வாங்கிடாதீங்க. போன வாரம் வாங்கினத மாடுகூட மோந்து பாக்கல.”

பரமசிவம் லேசாகச் சிரித்துவிட்டு இறங்கினான். ஒரு லாரிக்கு வழிவிட்டு, சாலையைக் கடந்து, வண்டிக்காரரிடம் போய் நின்றான்.

அதுவரை சாலையையே பார்த்திருந்த மாதேஸ்வரி மேஜைப் பக்கம் திரும்பினாள்.

“மஞ்சள்தாண்ணா,” என்றாள்.

ஹரீஷ்குமாரின் கை நின்றது. அவன் நிறத்தைச் சொல்லவே இல்லை.

“பக்கத்து வூட்டு ரஞ்சிதாவும் அங்கதான் போறா. அவ போன்ல பாத்தன். உள்ள போனாத்தான ஸ்டிக்கர மாத்துவாங்க. இவரு பாட்டுக்கு அஞ்சரைக்கு எழுந்து யூனிஃபார்ம் மாட்டிக்கினு கெளம்பறாரு. நானும் சோறு கட்டித் தரன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “ஒண்ணும் கேட்டுடாதீங்கண்ணா. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது.”

இந்த ஸ்டிக்கரைப் பரமசிவத்துக்காகக் காப்பாற்றுகிறோமா, இவளுக்காகவா என்பது ஹரீஷ்குமாருக்குப் புரியவில்லை. சூட்டைக் குறைத்தான். பிளேடை ஓரத்தில் நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு மயிரிழை தூக்கினான். பிறகு இன்னொரு மயிரிழை.

பரமசிவம் எப்போதோ திரும்பி வந்து, கொத்தமல்லியோடு வாசற்படியிலேயே நின்றிருந்தான்.

முக்கால் மணி நேரம் கழித்துப் புதுக் கண்ணாடியில் வெளிச்சம் வந்தது. மாதேஸ்வரி போனை வாங்கினாள். எரியும் திரையை அவள் பார்க்கவில்லை. வாசல் பக்கம் சாய்த்து, ஸ்டிக்கரின் ஓரங்களைச் சுண்டுவிரலால் சுற்றித் தடவினாள். பிறகு கணவனிடம் நீட்டினாள்.

“அப்படியே இருக்குது பாருங்க. நாளைக்கு கேட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”