மலாயாக் கப்பல்

மாலையில் மலாயாவுக்குக் கப்பல் என்று தன் ஊரான சாவகச்சேரி முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தான் அருளம்பலம். அதுவரைக்கும் புது மனைவி தையல்நாயகிக்குக் கொழும்பைச் சுற்றிக் காட்டினான். டிராமில் போனார்கள். சோடியாகப் படம் பிடித்தார்கள். அவன்தான் அவளைத் தொடாமல் நின்றான்.

தேநீர்க் கடையில் அவள் சூட்டில் தொட முடியாமல் வைத்த கோப்பையை வெறுங்கையால் ஏந்தி ஆற்றிக் கொடுத்தான்.

“உங்களுக்குச் சுடேல்லையே?”

“இல்லை.”

அவன் விரல்கள் சிவந்து கொப்பளித்திருந்தன.

குதிரை வண்டி துறைமுகத்தைத் தாண்டி ஓடியது.

“இஞ்சருங்கோ, கப்பல் அங்கையெல்லே நிக்குது?”

அவன் பெட்டியை மடிக்கு இழுத்துக்கொண்டான்.

வண்டி நின்ற வாசலில் ‘குஷ்டரோக ஆஸ்பத்திரி’ என்று எழுதியிருந்தது. அவன் மட்டும் பெட்டியோடு இறங்கினான்.

“படத்தை ஊரிலை எல்லாருக்கும் காட்டு. என்ரை தங்கச்சியின்ரை கலியாணம் முடியுமட்டும் நான் மலாயாவிலைதான்.”