ரவுட்டருக்கு வைத்த பொட்டு

கிருத்திகா ரவுட்டரை மடியில் வைத்துக்கொண்டு, பஞ்சில் தேங்காய் எண்ணெயைத் தொட்டு அதன் பக்கவாட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அங்கேதான் ஸ்டிக்கர் இருந்தது. ஸ்டிக்கரில்தான் அட்மின் பாஸ்வேர்டு இருந்தது. பாஸ்வேர்டின் மேல் இரண்டு ஆயுத பூஜைகளின் சந்தனமும் குங்குமமும் இருந்தன.

டிராக்டர், மோட்டார், மிக்சி என்று எதையும் விடாமல் பொட்டு வைப்பவள் மாமியார் செல்லாயி. கறுப்புப் பெட்டியில் வெள்ளையாக ஒரு சதுரம் கிடைத்தால் சும்மா விடுவாளா? பொட்டு அங்கேதான் எடுப்பாகத் தெரியும் என்று கட்டை விரலால் அழுத்தியே வைத்திருந்தாள். பெட்டியின் சூட்டில் அது காய்ந்து காரை மாதிரி ஆகிவிட்டது.

இன்று ஒரு நாள்தான் பாக்கி.

பெங்களூர் ஆபீஸில் பாதுகாப்பு முறையை மாற்றியதிலிருந்து, நான்கு நாளாக அவளால் வீட்டிலிருந்து லாகின் செய்ய முடியவில்லை. ரவுட்டரில் வி.பி.என். என்று ஒரு வரி இருக்கும், அதில் டிக் அடித்தால் சரியாகிவிடும் என்றார்கள். அந்த வரியை இன்டர்நெட் கம்பெனிக்காரன் பூட்டி வைத்திருந்தான். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் சரியாகாவிட்டால் ஆபீஸுக்கே வந்துவிட வேண்டும் என்று மேனேஜர் மெயில் போட்டிருந்தார்.

ஜேடர்பாளையத்திலிருந்து பெங்களூருக்குத் தினமும் போய்வர முடியுமா? போனால் ஹாஸ்டல்தான். மாதத்துக்கு இரண்டு தடவை ஊருக்கு வரலாம்.

கணவன் தமிழரசு கோழிப்பண்ணை வேலையைப் போட்டுவிட்டு, பரமத்தி வேலூரில் இருக்கும் இன்டர்நெட் கம்பெனி ஆபீஸுக்கு மூன்று முறை நடையாய் நடந்தான். கஸ்டமருக்கு அட்மின் கொடுப்பதில்லை என்று சிரித்த முகமாகவே அனுப்பிவைத்தார்கள். கடைசியில் லைன்மேன் தங்கமுத்துதான் மனமிரங்கி, இன்று மத்தியானம் போனில் சொன்னான்.

"பொட்டி மேல ஸ்டிக்கர்லயே இருக்குதுங்க. நாஞ் சொன்னேன்னு மட்டும் சொல்லிப் போடாதீங்க."

செல்லாயி மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்திருந்தாள். மருமகள் கவலையில் நான்கு நாளாக அடித்துப் போட்டாற்போலத் தூங்குகிறாள் என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லி வருத்தப்பட்டாள்.

நல்ல மனிதர்கள். யாரும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை.

ஆனால் வீட்டிலிருந்து வேலை என்றால், வீட்டில் இருக்கிறாள் என்றுதான் அங்கே அர்த்தம். பத்திரிகை வைக்க ஒருவர், முட்டை லாரிக்காரர் ஒருவர், தூரத்துச் சித்தப்பா ஒருவர் என்று தினம் நாலு பேராவது வருவார்கள். வந்தவரை வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் 'வாங்க' என்று கேட்டாக வேண்டும். மருமகள் கேட்கவில்லை என்றால் அந்தச் செய்தி வந்தவருக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிடும்.

கிருத்திகா மீட்டிங் நடுவில் மைக்கை அணைத்துவிட்டு, மாடியிலிருந்து இறங்கி வந்து கேட்பாள். ஒருமுறை அணைக்க மறந்து, பதினான்கு பேர் இருந்த மீட்டிங்கையே "வாங்க, வாங்க, எப்ப வந்தீங்க?" என்று வரவேற்றுவிட்டாள். ஆபீஸில் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அவளும் கூடவே சிரித்தாள். அந்த மாதம் அவளுக்கு வரவேண்டிய டீம் லீடர் பொறுப்பு வேறொருத்திக்குப் போயிற்று.

பஞ்சு சிவந்தது. சந்தனம் ஊறிப் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்தது. அடியில் எழுத்துகள் தெரிந்தன. எட்டு எழுத்து. ஒன்றுகூட அழியவில்லை.

லேப்டாப்பில் அடித்தாள். திறந்துகொண்டது.

நான்கு நாளாக மங்கலாகக் கிடந்த வரிகளெல்லாம் இப்போது பளிச்சென்று தெரிந்தன. வி.பி.என். என்ற வரியும் இருந்தது. பக்கத்தில் காலியாக ஒரு சின்னக் கட்டம்.

சந்தோஷம் வரவில்லை.

இந்த நான்கு நாளும் ஏன் அப்படித் தூங்கினோம் என்று அவளுக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது. அது கவலைத் தூக்கமே இல்லை.

கீழே வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தொடர்ந்து செல்லாயியின் குரல்.

"கிருத்திகா, ஆரு வந்திருக்கறாங்கன்னு வந்து பாரு சாமி!"

கிருத்திகா கட்டத்தைப் பார்த்தாள். பிறகு டிக் அடிக்காமலேயே பக்கத்தை மூடினாள்.

நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டினாள். எண்ணெயில் ஊறியிருந்த காகிதம் எழுத்தோடு சேர்ந்து திரிதிரியாக வந்தது. தன் குங்குமச் சிமிழைத் திறந்து, அந்த இடத்தில் கட்டை விரலால் அழுத்திப் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள்.

வந்தவரை மாமனாரிடம் விட்டுவிட்டு, தமிழரசு இரண்டிரண்டு படியாக ஏறி வந்தான். "கெடச்சுதா?" என்றான்.

"எழுத்தே இல்லீங்க. அழிஞ்சு போச்சு."

அவன் முகம் விழுந்துவிட்டது. அதைப் பார்க்க அவளுக்கு நிஜமாகவே வலித்தது. இப்போதுகூடச் சொல்லிவிடலாம். சொல்லவில்லை.

மூச்சு வாங்கிக்கொண்டே பின்னால் வந்த செல்லாயி, ரவுட்டரில் ஈரம் காயாத குங்குமத்தைப் பார்த்தாள். பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"உடு சாமி. நீ பொட்டு வெச்சுக் கும்புட்டது வீண் போகாது."

"போகாதுங்க அத்தை."

கிருத்திகா முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய், வந்தவரை வாய் நிறைய "வாங்க" என்று கேட்டாள்.