தமிழ்நிலாவின் எடை

“எம் பொண்ணு தலைல கைய வச்சி சொல்றேன் டாக்டர், நான் சொல்றதுல ஒரு வார்த்தை பொய் கெடையாது!”

சொன்னதோடு நிற்காமல், ஐந்து வயது தமிழ்நிலாவின் உச்சந்தலையில் பட்டென்று கையை வைத்தார் புருஷோத்தமன். வைத்த வேகத்தில் குழந்தை அரை அங்குலம் குள்ளமானாள்.

“மூணு மாசம் முன்னாடி உங்ககிட்ட வந்தப்ப பன்னெண்டு கிலோ. இன்னிக்குக் காலைல என் தராசுல நானே எடை போட்டேன். அதே பன்னெண்டு! உங்க வைத்தியம் எங்க போச்சி, கடல்லயா?”

அந்தச் சத்தத்தில், வெளியே வரிசையில் அழுதுகொண்டிருந்த ஏழு குழந்தைகளும் ஒரே நேரத்தில் வாயை மூடின. மலச்சிக்கலுக்காக வந்திருந்த எட்டாவது குழந்தை, மருந்தில்லாமலே குணமாகிவிட்டது.

டாக்டர் சகாயமேரி குழந்தைகளின் குடல், ஈரல், சத்துக்குறைவு இவற்றுக்கென்றே தனியாகப் படித்தவர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மரக்காணத்துக்கு வந்து பார்ப்பவர். தமிழ்நிலாவின் குடலுக்குக் கோதுமை ஆகாது என்று கண்டுபிடித்ததும் அவர்தான். பிஸ்கட், பன், பரோட்டா எல்லாவற்றையும் நிறுத்தினால் எடை கூடியே தீரும் என்று அடித்துச் சொல்லியிருந்தார். இப்படி ஒருவர் வந்து மேசையைத் தட்டினால் அவருக்கு மட்டும் கோபம் வராதா?

“அப்ப வீட்ல யாரோ கோதுமை குடுக்குறாங்க. உண்மையைச் சொல்லுங்க. இல்லன்னா மறுபடி மயக்கம் குடுத்து, வாய் வழியா டியூப் விட்டுக் குடலைப் பாக்க வேண்டியிருக்கும்.”

‘டியூப்’ என்றதும் தமிழ்நிலா அழ ஆரம்பித்தாள். புருஷோத்தமன் திரும்பி, கதவோரம் நின்ற பாப்பாத்தியை முறைத்தார். அம்மா ரேணுகா வானூருக்கு வேலைக்குப் போய்விடுவதால், பகலெல்லாம் குழந்தையைப் பார்த்துக்கொள்பவள் பாப்பாத்திதான்.

“ஏய், நீதானே குடுத்த?”

“யாரு, நானா?” பாப்பாத்தி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். “அபாண்டமா பேசாதீங்க மொதலாளி. அரிசிப் புட்டு, கேவுரு அடை, முட்ட. இதத் தவிர ஒண்ணு குடுத்திருந்தா எங்கையி வெளங்காது.”

“நீ பஸ் ஸ்டாண்டுல பரோட்டா வாங்குனத நம்ம டிரைவர் பிரபு பாத்திருக்கான்!”

“அது எம் புருஷன் துன்றதுக்கு. அவரு குடலுக்கும் நீங்கதான் காவலா?”

“திருட்டுத்தனமும் பண்ணிட்டு எதிர்த்து வேற பேசுறியா? நாளையிலேர்ந்து வூட்டுப் பக்கம் வராத!”

“வேல போனா போவுது. திருடின்னு பேரு வாங்கிக்கினு நான் ஊருக்குள்ள போவ மாட்டேன்.” அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள். “டாக்டரம்மா, நீங்க ஒருவாட்டி எடை போட்டுப் பாருங்க.”

“எதுக்கு? நாந்தான் போட்டுட்டேனே!” என்று பாய்ந்தார் புருஷோத்தமன்.

“என் ரெக்கார்டுக்கு வேணும்,” என்று டாக்டர் குழந்தையைத் தூக்கி மெஷினில் நிறுத்தினார்.

எல்.கே.ஜி. படிக்கும் தமிழ்நிலா அழுகையை நிறுத்திவிட்டு, எண்ணைத் தானே படித்தாள். “பதினாலு!”

“மெஷின் ரிப்பேரு,” என்றார் புருஷோத்தமன்.

பக்கத்து அறையிலிருந்து இன்னொரு மெஷின் வந்தது. அதுவும் பதினாலு. டாக்டர் ஐந்து கிலோ எடைக்கல்லை வைத்துக் காட்டினார். இரண்டு மெஷினும் ஐந்து என்றன.

“எல்லாம் கூட்டுக் களவாணிங்க!” புருஷோத்தமனின் கழுத்து நரம்பு விரல் தடிமனுக்குப் புடைத்தது. “வைத்தியம் தோத்துப்போச்சின்னு மெஷின ஏத்தி வச்சிருக்கீங்க. எடைல ஏமாத்துறவன நான் வுடவே மாட்டேன். தராசுக்கு முத்திரை போடுற ஆபீசரக் கூப்பிடுங்க. இங்கியே, இப்பவே செக் பண்ணட்டும்!”

“தாராளமா.” டாக்டர் செல்போனை எடுத்தார். “உங்க தராசையும் சேர்த்தே பாக்கச் சொல்றேன். எங்க இருக்கு அது?”

கத்துவதற்காகத் திறந்த புருஷோத்தமனின் வாய், திறந்தபடியே நின்றது.

“ஆபீசர்லாம் எதுக்கு டாக்டர்?” குரலில் சர்க்கரைப் பாகு வழிந்தது. “கொழந்த நல்லாத்தான் இருக்குது. கன்னத்தப் பாருங்க, பன்னு மாதிரி! எடை என்னாத்த பெரிய எடை? உங்க வைத்தியம் சூப்பர் டாக்டர். பாப்பாத்தி, நாளைக்கி எப்பயும் போல வந்துடும்மா.”

குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் போன வேகத்தில், வாசல் திரை கால் மணி நேரம் ஆடியது. இவ்வளவு கோபம் ஒரு நொடியில் எங்கே போனது என்று டாக்டருக்குப் புரியவேயில்லை.

பாப்பாத்தி மட்டும் நகரவில்லை.

“அவரு தராசு எவ்ளோ கொறச்சிக் காட்டுது டாக்டரம்மா?”

“ரெண்டு கிலோ.”

“ஒருவாட்டி எடை போட்டா ரெண்டு கிலோவா?”

“ஆமாம்மா. ஏன் கேக்குற?”

பாப்பாத்தியும் அவள் புருஷனும் குத்தகை உப்பளத்தில் விடியுமுன் வாரி எடுக்கும் உப்பு முழுவதையும், மூட்டை மூட்டையாக, பன்னிரண்டு வருஷமாக அந்தத் தராசில் எடை போட்டுத்தான் புருஷோத்தமன் வாங்கிக்கொண்டிருந்தார்.