போர்டு அக்காவின் நாற்காலி

“நாற்காலிக்காக ஒத்தைக் கால்ல நிக்கிற ஆளை இப்பதான் பாக்குறேன்” என்றார் மேனேஜர்.

போர்டு அக்கா சிரித்தார். ஆனால் இறங்கி வரவில்லை.

கடைகளில் இருக்கும் பெரிய ஃப்ரிட்ஜ்களை ரிப்பேர் செய்து கொடுக்கும் கம்பெனி அது. வெளியிலிருந்து எந்த போன் வந்தாலும் முன்னறையில் அக்காவின் போர்டில்தான் முதலில் மணி அடிக்கும். யார், என்ன என்று கேட்டு உள்ளே தள்ளிவிடுவார். அதனால் ஆபீசில் எல்லாருக்கும் அவர் போர்டு அக்கா. மேனேஜருக்கும் அக்காதான்.

பேச்சு, ஃபைல், மீட்டிங் எல்லாம் எப்போதோ கம்ப்யூட்டரில் ஒரே செயலிக்கு மாறிவிட்டன. பாக்கி போன் மட்டும்தான். அதையும் செயலியோடு சேர்த்துவிட்டால் நிம்மதி என்று மேனேஜர் ஆளை வரவழைத்திருந்தார்.

இணைப்புக்காரர் விளக்கினார். “ஆப் கம்பெனிகிட்டயே புது நம்பர் வாங்கிடலாம். இல்ல, இப்ப இருக்கிற போன் கம்பெனியே உங்க பழைய நம்பரை ஆப்போட சேத்துக் கொடுத்துடும். ரெண்டுலயும் அவங்கவங்களுக்கு வர்ற போன் அவங்கவங்க கம்ப்யூட்டருக்கே நேரா வந்துடும். இல்லைன்னா இங்கயே நடுவுல ஒரு பெட்டி வெச்சு லைனை அது வழியா விடலாம். பழைய போர்டும் கூடவே இருக்கும். ஆனா பெட்டிக்குச் சீக்கு வந்தா நீங்கதான் வைத்தியம் பாக்கணும்.”

மேனேஜருக்கு இரண்டாவது வழி பிடித்துப்போனது. பழைய நம்பரும் மாறாது, பெட்டித் தொல்லையும் கிடையாது.

“பெட்டிதான் சார் நல்லது” என்றார் அக்கா. “எல்லா போனும் முதல்ல என்கிட்ட வரட்டும்.”

“உங்களுக்குத்தான் பில்லிங்ல சீட் தர்றேன்னு சொல்லிட்டேனே. ஏசி ரூம். சம்பளமும் கூட.”

“எனக்கு இந்த இடமே போதும் சார்.”

விஷயம் பரவாமல் இருக்குமா? மதியமே செயலியின் பொதுக் குழுவில் ஸ்டோர் கீப்பர் ஒரு அறிவிப்பு போட்டார். ‘காணவில்லை: அக்காவை நாற்காலியிலிருந்து கழற்றும் ஸ்பேனர். கண்டவர்கள் ஸ்டோருக்குத் தெரிவிக்கவும்.’

மறுநாள், ‘நாற்காலி வேர் விட்டுவிட்டது. தண்ணீர் ஊற்ற விரும்புவோர் வரிசையில் வரவும்.’

இந்த ஸ்டோர் கீப்பர் நேரில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். எழுத விட்டால் மட்டும் ஆபீசே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். மேனேஜர் முதல் ஆளாகச் சிரிப்பு பொம்மை போட்டார். வீட்டுக்குப் போய் மனைவிக்கும் படித்துக் காட்டினார்.

திங்கட்கிழமை சோதனை ஓட்டம். போர்டை அணைத்தார்கள். அழைப்புகள் அவரவர் மேசைக்கு நேராகப் போயின. மேனேஜர் மாப்பிள்ளை நடை போட்டுக்கொண்டு ஒரு சுற்று வந்தார்.

ஸ்டோர் வாசலுக்கு வந்தபோது உள்ளே மணி அடித்தது. ஸ்டோர் கீப்பர் திரையில் பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

“ஸ்டோருங்களா? என் கடை ஃப்ரிட்ஜ் கதவு மூட மாட்டேங்குது. உள்ள பால் பாக்கெட் முழுக்க இருக்கு” என்றது ஒரு குரல்.

“எ... எ... எந்...”

ஸ்டோர் கீப்பரின் கழுத்து நரம்பு புடைத்தது. நெற்றி வியர்த்தது. வார்த்தை வரவில்லை.

“ஹலோ? லைன் சரியில்லப்பா” என்று குரல் துண்டித்துக்கொண்டது. உடனே மறுபடி அடித்தது. மறுபடியும் அதே கதை.

இணைப்புக்காரர் ஓடி வந்து பார்த்தார். “லைன் நல்லாத்தானே சார் இருக்கு.”

மேனேஜருக்குச் சுருக்கென்றது. வாய் திறக்காத இந்த ஸ்டோர் கீப்பருக்குத் திமிர் என்று எத்தனை தடவை நினைத்திருக்கிறார்.

மூன்றாவது தடவை மணி அடித்ததும் அக்கா தன் நாற்காலியை விட்டு ஓடி வந்தார். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, “சொல்லுங்கண்ணே, கதவுல எந்தப் பக்கம் இடைவெளி தெரியுது?” என்றார். ஸ்டோர் கீப்பர் கீபோர்டில் பதிலைத் தட்டத் தட்ட, திரையைப் பார்த்துக் கடைக்காரருக்குச் சொல்லிக்கொண்டே போனார். கதவு ரப்பர் மாற்ற வேண்டும், அதுவரை கயிறு போட்டு இழுத்துக் கட்டிவையுங்கள், ஆள் கிளம்பியாச்சு. இரண்டு பேருக்கும் இது பழகிப்போன வேலை என்று பார்த்தாலே தெரிந்தது.

அக்காவை முன்னறைக்கு அழைத்து வந்தார் மேனேஜர். “எத்தனை நாளா இது?”

“அவர் வேலைக்கு வந்ததுல இருந்து சார். நேர்ல ஒண்ணு ரெண்டு வார்த்தையில சமாளிச்சிடுவார். போன்னா திக்கிடும். ஸ்டோருக்கு வர்றதை நானே எடுத்து, அவர்கிட்ட ஆப்ல கேட்டுப் பதில் சொல்லிடுவேன். போர்டு போச்சுன்னா வேலைய விட்டுடுறேன்னு உக்காந்திருந்தார்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“யாருக்கும் தெரிய வேணாம்னு கேட்டுக்கிட்டார் சார்.”

மேனேஜர் இணைப்புக்காரரைக் கூப்பிட்டார். “பெட்டியே வெச்சிடுங்க. வைத்தியம் நான் பாத்துக்கிறேன்.”

இணைப்புக்காரர் போனதும் மேனேஜர் குரலைத் தணித்துக்கொண்டார். “எனக்கு ஒண்ணுதான் மனசு ஆறல அக்கா. அவருக்காக நீங்க இவ்வளவு பேச்சு வாங்குறீங்க. அவரே உங்க நாற்காலியை அந்தக் கிண்டல் பண்ணலாமா?”

“அவரா பண்ணினார்? மாட்டேன்னு அழுதார் சார்” என்றார் அக்கா, போர்டை மறுபடி ஆன் செய்துகொண்டே. “எல்லாரும் என் நாற்காலியையே பாத்துச் சிரிச்சிட்டிருந்தா ஸ்டோர் பக்கம் யாரும் திரும்ப மாட்டாங்கன்னு நான்தான் எழுத வெச்சேன். வேர் விட்டது அவரோடது. அந்த ஸ்பேனர், என் சொந்தச் சரக்கு.”