பட்டவன் சொல்ல வேண்டும்

கொட்டாஞ்சேனை மாலை வகுப்பில் ஸ்பானிய வாள்வித்தையின் கடைசிப் போட்டி. முதலில் எதிராளியை வாள்முனையால் தொடுபவன், பிரிட்டிஷ் மன்னரின் முடிசூட்டு விழாவுக்குக் காலிமுகத்திடலில் அந்தோனிப்பிள்ளை மாஸ்டரோடு வாள்வீசுவான். வாள் பட்டால் பட்டவனே வாய்திறந்து சொல்ல வேண்டும் என்பது வகுப்பின் விதி. அதைக் கொப்பியில் எழுதிச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருந்தவன் நாகேந்திரம்.

தரையில் வரைந்த வட்டத்தின் ஓரமாக நடந்துவந்த பதியுதீனின் வாள்முனை, நாகேந்திரத்தின் நெஞ்சைத் தொட்டது. நாகேந்திரத்தின் முதுகுப்பக்கம் நின்ற மாஸ்டருக்கு அது தெரியவில்லை.

"பட்டதோ, நாகேந்திரம்?"

"இல்லை, மாஸ்டர்."

மறுகணம் நாகேந்திரத்தின் வாள் பதியுதீனின் நெஞ்சில் பட்டது.

"பட்டுட்டு!" என்று கத்திய பதியுதீன், வாளைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவனை இறுகக் கட்டிக்கொண்டான். "வெண்டுட்டீங்க மச்சான்! வீட்ட சொல்லுங்க, சப்பாத்த மினுக்கி வைக்கட்டும்!"

நல்லவேளை, தன் வாள் முதலில் பட்டதை இவன் கவனிக்கவில்லை என்று நாகேந்திரம் நினைத்தான்.

கைகொடுக்க வந்த மாஸ்டர் நின்றுவிட்டார்.

"உங்களுக்குச் சொல்லாமல் இண்டைக்கு ரெண்டு வாள்முனையிலயும் கரி பூசினனான். தோத்தவன்ர சட்டையில கரி இருக்கிறது சரி. உம்மட நெஞ்சில எப்பிடி?"

நாகேந்திரம் குனிந்து பார்த்தான். வெள்ளைச் சட்டையில் கறுப்பாக இழுபட்டிருந்தது.

"நான் கட்டிப்புடிச்சதில ஒட்டினது மாஸ்டர்," என்றான் பதியுதீன் சிரித்துக்கொண்டு.

மாஸ்டரும் சிரித்தார். பதியுதீன் நாகேந்திரத்தின் முகத்தைப் பார்க்காமல் வாளை எடுக்கப் போனான்.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தான் நாகேந்திரம். இனிச் சொன்னால் பதியுதீனும் பொய்யனாகிவிடுவான்.